எண்ட்ரி ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் கவுண்டர்-ஸ்டிரைக் 2 ஆட்டத்தை வைத்து எழுதப்பட்டது. ஐந்துக்கு ஐந்து, பாம் வைக்கும் முறை: தாக்கும் டி தரப்பு சைட்டில், அதாவது குறித்த இடத்தில், பாம் வைக்கப் பார்க்கும், காக்கும் சிடி தரப்பு தடுக்கும். 13 ரவுண்டு முதலில் எடுப்பவர் வெற்றி. வேலரன்ட், பிஜிஎம்ஐ ஆடுபவர்களுக்குக் கடைசிப் பகுதியில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். விலைகள் எல்லாம் ஆட்டத்துக்குள் வரும் டாலர் கணக்கு.

எண்ட்ரி என்பவர் யார்?

டி தரப்பு ஒரு சைட்டுக்குள் நுழையும்போது முதலில் உடம்பைக் காட்டுகிறவர். எதிரி எங்கே நிற்கிறான் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாத நேரத்தில் அவர் போகிறார். அவருக்கு மூன்று வேலைகள்: வாசலைத் தாண்டி உள்ளே இறங்குவது, எதிரிகளின் குறியைத் தன் பக்கம் இழுப்பது, முடிந்தால் ஒருவரையாவது வீழ்த்துவது. மூன்றாவது நடக்காமல் போனாலும் முதல் இரண்டும் நடந்திருந்தால் அவர் வேலை முடிந்தது. இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள்தான் ராம்ப் (சைட்டுக்கு ஏறும் சரிவு) வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துச் சாகிறார்கள்.

அணியில் யாருக்கு எய்ம் நன்றாக இருக்கிறதோ அவர்தானே எண்ட்ரி போக வேண்டும்?

அவசியமில்லை. எய்ம் மோசமாக இருந்தால் சரிப்படாது என்பது உண்மைதான். ஆனால் அணியின் மிகச் சிறந்த துப்பாக்கிக்காரரை முதலில் அனுப்பிச் சாகவிட்டால் பின்பாதி ரவுண்டை யார் ஆடுவது? அவரை இரண்டாவது ஆளாக வைப்பது பெரும்பாலும் லாபம்.

2016இல் எம்எல்ஜி கொலம்பஸ், இஎஸ்எல் ஒன் கொலோன் என்று அந்த ஆண்டின் இரண்டு மேஜர்களையும் (மிகப் பெரிய போட்டிகள்) ஒரே பிரேசில் ஐவர் அணி வென்றது. முதலில் லூமினாசிட்டி, பிறகு எஸ்கே கேமிங் என்ற பெயரில். இரண்டிலும் எம்விபி (போட்டியின் சிறந்த ஆட்டக்காரர்) கோல்ட்ஸேரா. அதே அணியில் பலமுறை முன்னால் போய் அடி வாங்கியவர் டாக்கோ. அவருடைய எண்களை மட்டும் பார்த்தால் அணியின் பலவீனமான ஆள் என்று தோன்றும். மறுபக்கம், ஃபேஸ் அணிக்காக ஆடிய ரெய்ன் மாதிரி முன்னால் போயும் எண்களைக் குவிப்பவர்கள் உண்டு. 2022 பிஜிஎல் ஆன்ட்வெர்ப் மேஜரில் எம்விபி அவர்தான். இரண்டு வகையும் வேலை செய்யும். ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ரெய்னைப் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு நெருக்கமாக வருகிறார்கள் என்பதைப் பார்க்காமல் விடுகிறார்கள்.

டிரேட் என்கிறார்களே, சரியாக அது என்ன? எவ்வளவு நெருக்கமாக வர வேண்டும்?

எண்ட்ரியைக் கொன்றவனை அடுத்த கணமே கொல்வது டிரேட். ஐந்துக்கு ஐந்தாக இருந்தது நாலுக்கு நாலு ஆகிவிடும். தாக்குகிறவர்கள் இப்போது சைட்டுக்குள் இருப்பார்கள், ஒரு மூலை காலியாகியிருக்கும். டிரேட் கிடைக்கவில்லையென்றால் நாலுக்கு ஐந்து. அதிலிருந்து மீள்வது எவ்வளவு கடினம் என்று ஆடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

புள்ளிவிவரத் தளங்கள் சில விநாடி அவகாசம் வைத்து டிரேட்டைக் கணக்கிடும். ஆட்டத்தில் அதை நம்ப வேண்டாம். நல்ல சிடி ஆள் ஒருவரைச் சுட்டதும் பின்வாங்கிவிடுவான், ஒரு விநாடிக்கு மேல் அங்கே நிற்க மாட்டான். அதனால் இரண்டாவது ஆள் எண்ட்ரி செத்த பிறகு ஓடி வருபவராக இருந்தால் பயனில்லை. எண்ட்ரி சுடப்படும் அதே நொடியில் இரண்டாவது ஆளின் குறுக்குக்கோடும் (திரையில் குறி காட்டும் அடையாளம்) அந்த மூலைக்குப் போகும் தூரத்தில் இருக்க வேண்டும். நடைமுறையில் இரண்டு மூன்று ஆள் நீளம் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில். நேர்ப்பின்னால் நின்றால் எண்ட்ரியின் முதுகு மறைக்கும். ஒரே தோட்டா வரிசை இருவரையும் அடிக்கும். எச்இ (வெடிகுண்டு) விழுந்தால் இருவருக்கும் சேதம்.

எங்கள் கணிப்பில் கீழ்மட்ட, நடுமட்ட ஆட்டங்களில் எண்ட்ரி தோற்பதற்கு முதல் காரணம் எண்ட்ரி அல்ல, இரண்டாவது ஆளின் தூரம். "எண்ட்ரி சரியில்லை" என்று ஆளை மாற்றுவதற்கு முன் டெமோவை (ஆட்டத்தின் பதிவை) ஓடவிட்டு இரண்டாவது ஆள் எங்கே இருந்தார் என்று பாருங்கள். பாதி நேரம் அவர் வாசலுக்கு வெளியே ஷிஃப்ட் அழுத்திச் சத்தமில்லாமல் மெதுவாக நடந்துகொண்டிருப்பார்.

ஒரு முழு எக்ஸிக்யூட்டை (திட்டமிட்ட சைட் நுழைவை) உதாரணமாகச் சொல்ல முடியுமா?

மிராஜ் ஏ சைட்டை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் தெரிந்த வரைபடம். கீழே வரும் ஜங்கிள், பேலஸ், டெட்ரிஸ், டிரிபிள், டிஃபால்ட் போன்றவை அதிலுள்ள இடங்களின் பெயர்கள்.

ஜங்கிள், ஸ்டேர்ஸ், சிடி (எதிரணி கிளம்பும் பக்கம்) ஆகிய மூன்று இடங்களை ஸ்மோக்கால் (புகைக் குண்டால்) அடைக்க வேண்டும். ஒருவர் ஒரு ஸ்மோக்தான் வைத்திருக்க முடியும், ஆகவே மூன்று பேர். எண்ட்ரியையும் பேலஸ் வழியாகப் போகிறவரையும் இந்த வேலையில் மாட்ட வேண்டாம். மற்ற மூவர் போடட்டும். பேலஸின் அடியில் இருக்கும் இருட்டில் ஒரு மாலி (நெருப்புக் குண்டு). அது ஏழு விநாடி எரியும். அந்த ஏழு விநாடிக்கு எண்ட்ரி பார்க்க வேண்டிய மூலைகளில் ஒன்று குறைகிறது.

ரவுண்டு 1:55இல் தொடங்குகிறது. கடிகாரத்தில் 0:45 இருக்கும்போது ஸ்மோக்குகள் கையைவிட்டுப் போக வேண்டும். அவை விழுந்து விரிய மூன்று நான்கு விநாடி. 0:41க்கு ராம்பின் கூரைக்கு மேலாக முதல் ஃப்ளாஷ் (கண்ணைக் கூசவைக்கும் குண்டு). அது வெடிக்கும் அதே கணம் எண்ட்ரி ராம்ப் விளிம்பைத் தாண்டுகிறார். வெடித்த பிறகு யோசித்துக் கிளம்பினால் பாதிப் பயன் போய்விடும். முதலில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் டெட்ரிஸ். பிறகு நிற்காமல் உள்ளே, டிரிபிள், டிஃபால்ட் பக்கம். இரண்டாவது ஆள் எண்ட்ரி முதுகு காட்டும் பக்கத்தை எடுக்கிறார். பேலஸ் ஆள் அதே நேரத்தில் பால்கனியிலிருந்து ஃபயர்பாக்ஸையும் நிஞ்சாவையும் பார்க்கிறார். 0:30க்குள் பாம் வைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். வைக்க மூன்று விநாடிக்குச் சற்று மேல் ஆகும். ஸ்மோக் இருபது விநாடி அளவில் கலையத் தொடங்கும், அதற்குள் பாம் தரையில் இருந்தால் சிடி ஆட்கள் புகையைக் கிழித்துக்கொண்டு வந்தாக வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

இதில் வழக்கமாக எங்கே கெடும் என்றால்: ஜங்கிள் ஸ்மோக்கில் ஒரு இடுக்கு விழுந்திருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள். போட்டவர் பார்த்தவுடன் "ஜங்கிள்ல கேப் இருக்கு" என்று கத்த வேண்டும், அப்போது எண்ட்ரி டிஃபால்ட் பெட்டியை மறைப்பாக வைத்துக்கொண்டு போவார். இன்னொன்று, பேலஸ் ஆள் அவசரப்பட்டுக் கீழே குதித்துத் தன் அணி போட்ட மாலியிலேயே எரிவது. நெருப்பு அணையும்வரை அவர் மேலேயே நின்று பார்த்தால் போதும். மூன்றாவது, சிடி ஆள் எச்இ போட்டு ஸ்மோக்கில் ஓட்டை திறப்பது. கவுண்டர்-ஸ்டிரைக் 2இல் எச்இ வெடித்தால் புகை சில கணங்களுக்கு விலகும். ஓட்டை திறந்த சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்தை ஒருவர் உடனே பார்க்க வேண்டும், அது எண்ட்ரி அல்ல, மூன்றாவது ஆள்.

சரியான ஃப்ளாஷ், தவறான ஃப்ளாஷ்: எப்படிப் பிரித்தறிவது?

எண்ட்ரிக்குக் கண்ணைக் கூசாமல் எதிரிக்கு மட்டும் கூச வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு.

ஒன்று, ஃப்ளாஷ் எதிரியின் பார்வையில் தோன்றிய மறுகணமே வெடிக்க வேண்டும். கையைவிட்டுப் போய் ஒன்றரை விநாடி அளவில் அது வெடிக்கும். அந்த ஒன்றரை விநாடியின் பெரும்பகுதியைக் கூரைக்குப் பின்னாலோ சுவருக்குப் பின்னாலோ கழித்துவிட்டு வெளிப்பட்டால் எதிரிக்குத் திரும்ப நேரமே இருக்காது. தரையில் உருண்டு வரும் ஃப்ளாஷை எல்லோரும் திரும்பி நின்று தவிர்த்துவிடுவார்கள்.

இரண்டு, எண்ட்ரி இன்னும் சுவருக்குப் பின்னால் இருக்கும்போது அது வெடிக்க வேண்டும். போடுகிறவர் "ஃப்ளாஷ்" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. பொத்தானை விடும்போது "போட்டாச்சு" என்று ஒரே வார்த்தை. எண்ட்ரி மனதுக்குள் ஒன்று எண்ணிக் கிளம்ப வேண்டும். பத்துத் தடவை பயிற்சி செய்தால் இந்த இடைவெளி உடம்புக்குப் பழகிவிடும்.

முழுமையாக வெளுத்துப்போவது ஓரிரு விநாடிதான், பிறகு மெல்லத் தெளியும். பக்கவாட்டிலோ முதுகுப்புறமோ வெடித்தால் அதுகூட இல்லை. அதனால் இரண்டு ஃப்ளாஷ் போடுவது நல்லது: முதலாவதைத் தவிர்க்கத் திரும்பிய ஆள் மறுபடி முகத்தைக் கொண்டுவரும்போது இரண்டாவது. ஒருவர் இரண்டு ஃப்ளாஷ் வைத்திருக்கலாம், ஆகவே ஒரே ஆளே இதைச் செய்துவிடலாம்.

எண்ட்ரி தானே தனக்கு ஃப்ளாஷ் போட்டுக்கொண்டு போவது நல்ல பழக்கமா என்று கேட்டால், வேறு வழியில்லாதபோது மட்டும். ஃப்ளாஷை எறிந்துவிட்டுத் துப்பாக்கியை மறுபடி கையில் எடுக்கும் நேரத்தில் வெளிச்சம் பாதி தீர்ந்திருக்கும். எண்ட்ரி தன் காசில் ஃப்ளாஷ் வாங்கிப் பின்னால் வருபவரிடம் கீழே போட்டுக் கொடுப்பதே மேல்.

உள்ளே போனதும் எந்த மூலையை முதலில் பார்ப்பது?

அருகில் இருப்பதை முதலில். தூரத்து ஆளிடமிருந்து பக்கவாட்டு அசைவால் தப்பிக்க வழி உண்டு, முதுகுக்குப் பக்கத்தில் நிற்பவனிடமிருந்து கிடையாது.

ஆனால் எல்லா மூலைகளையும் பார்க்க முயலக் கூடாது. ஐந்து மூலை இருந்தால் எண்ட்ரிக்கு இரண்டு, இரண்டாவது ஆளுக்கு இரண்டு, மிச்சம் ஸ்மோக்கோ மாலியோ பார்த்துக்கொள்ளும். கிளம்புவதற்கு முன்பே "நான் இடப்பக்கம், நீ வலப்பக்கம்" என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வாக்கியம் இல்லாததால் இருவரும் ஒரே மூலையைப் பார்த்து, மறுமூலையில் இருந்தவன் இருவரையும் எடுத்துவிடுவது தினமும் நடக்கிறது.

நகர்வு பற்றி: ஓடிக்கொண்டே ஏகே (டி தரப்பின் முக்கியத் துப்பாக்கி) சுட்டால் தோட்டா எங்கோ போகும். எதிர்ப்பக்க விசையைத் தட்டி நின்று, இரண்டு மூன்று தோட்டா, மறுபடி நகர்வு. நின்ற இடத்தில் உட்கார்ந்து முப்பது தோட்டாவையும் காலி செய்வது எண்ட்ரிக்கு ஆகாது. உட்கார்ந்தால் நகர முடியாது, நகராவிட்டால் இரண்டாவது எதிரிக்கு இலவச இலக்கு.

குறுக்குக்கோடு எப்போதும் தலை உயரத்தில். ஏகே தலையில் ஒரு தோட்டா பட்டால் ஹெல்மெட் இருந்தாலும் முடிந்தது. எண்ட்ரிக்கு இருக்கும் மிகப் பெரிய சலுகை இது. சிடியின் எம்4க்கு அந்த வசதி இல்லை.

நகர்ந்து வெளிவருபவருக்குத்தான் சாதகம் என்கிறார்களே?

ஆம். இணையத் தாமதத்தால், நகர்ந்து வருகிறவர் நிற்பவரைக் கொஞ்சம் முன்னதாகப் பார்த்துவிடுகிறார். பீக்கர்ஸ் அட்வான்டேஜ் என்பது இதுதான். அகலமாக, வேகமாக வெளிவந்தால்தான் இது கிடைக்கும். ஷிஃப்ட் அழுத்தி அங்குலம் அங்குலமாக வந்தால் தோள்தான் முதலில் தெரியும், எதிரி நிதானமாகக் குறிவைப்பான். அகலமாக வருவதில் இன்னொரு லாபம்: மூலையை ஒட்டிக் குறி வைத்திருப்பவன் குறியை நகர்த்தியாக வேண்டும். ஒரே ரவுண்டில் இரண்டு தடவை ஒரே அகலத்தில் வந்தால் மட்டும் இது செல்லாது, அவன் கற்றுக்கொண்டிருப்பான்.

எதிரில் ஏடபிள்யூபி (தொலைநோக்கி வைத்த ஸ்னைப்பர் துப்பாக்கி) இருந்தால்?

காலைத் தவிர வேறு எங்கு பட்டாலும் ஒரே குண்டில் மரணம். ஆனால் ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை விநாடி. அந்த ஒன்றரை விநாடிதான் உங்கள் வாசல். தோளை மட்டும் ஒரு கணம் காட்டி இழுத்துக்கொண்டால் பதற்றத்தில் சுடுவார்கள். சத்தம் கேட்டதும் இருவர் சேர்ந்து வெளியேறுங்கள். ஏமாறாத ஆள் என்றால் எண்ட்ரியும் இரண்டாவது ஆளும் ஒரே கணத்தில் இரு திசைக்கு விலகி வர வேண்டும். ஒருவர் விழுவார், மற்றவர் எடுப்பார். தனித்தனியாகப் போனால் இருவரும் விழுவார்கள். இதையெல்லாம்விட மலிவானது 300 டாலர் ஸ்மோக்.

எண்ட்ரி என்ன வாங்க வேண்டும்?

முழு வாங்கல் ரவுண்டில்: ஏகே 2700, கெவ்லர்-ஹெல்மெட் (உடல், தலைக் கவசம்) 1000, ஒரு ஃப்ளாஷ் 200. மொத்தம் 3900. இரண்டாவது ஃப்ளாஷ், ஸ்மோக் 300, மாலி 400 எல்லாம் சேர்த்தால் 4800 ஆகும். காசு இறுக்கமாக இருக்கும்போது எண்ட்ரியின் ஸ்மோக்கைத்தான் முதலில் வெட்ட வேண்டும், போட அவருக்கு நேரமே இருக்காது. அவர் ஹெல்மெட்டை வெட்டக் கூடாது. சிடி பக்கம் ஹெல்மெட் இல்லாமல் ஆடுவதைப் பார்த்துவிட்டு டி பக்கமும் செய்கிறார்கள். ஏகே எப்படியும் ஹெல்மெட்டைத் துளைக்கும் என்பதால் அங்கே அது நியாயம், எம்4க்கு எதிரில் நியாயமில்லை.

பிஸ்டல் ரவுண்டில் (ஒவ்வொரு பாதியின் முதல் ரவுண்டு) 800தான் இருக்கும். எண்ட்ரிக்குக் கெவ்லர் 650. மற்ற ஒருவர் இரண்டு ஃப்ளாஷும் ஒரு ஸ்மோக்கும் வாங்கினால் 700.

பிஸ்டல் வென்ற அடுத்த ரவுண்டில் மேக்-10, 1050 டாலர். எண்ட்ரிக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் இல்லை. ஏகே கையில் இருந்தால் வேகம் 215, மேக்-10 இருந்தால் 240. ஓடிக்கொண்டே சுட்டாலும் ஓரளவு படும். ஒரு கில்லுக்கு 300க்குப் பதில் 600 கிடைக்கும். கெவ்லர் இல்லாத எதிரிகளிடம் மட்டும் இந்தப் பெருமை. மூன்றாவது ரவுண்டில் எம்4 வந்த பிறகும் மேக்-10 பிடித்துக்கொண்டு நீண்ட தூரத்தில் சண்டை போடாதீர்கள்.

காசு போதாத ரவுண்டில் கலீல் 1800, அல்லது டெக்-9 500. எண்ட்ரியிடம் ஏகே வாங்கக் காசு இல்லை, பின்னால் வருபவரிடம் இருக்கிறது என்றால்? வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் பக்கம். முன்னால் போகும் துப்பாக்கி எதிரி கைக்குப் போக வாய்ப்பு அதிகம். கலீலோடு எண்ட்ரி போகட்டும், ஏகே டிரேட் எடுக்கட்டும்.

பாமை எண்ட்ரி வைத்திருக்கலாமா?

கூடாது. அவர் வாசலில் விழுந்தால் பாமும் அங்கேயே கிடக்கும், எதிரி அதன்மேல் குறியை வைத்துக்கொண்டு உட்காருவான். மூன்றாவது அல்லது நான்காவது ஆளிடம் இருக்கட்டும்.

ரவுண்டின் தொடக்கத்திலேயே எண்ட்ரிக்கு வேலை உண்டா?

இன்ஃபெர்னோ வரைபடத்தில் பனானா என்ற சந்து இருக்கிறதே, அதற்காகத்தான். பி சைட்டுக்குப் போகும் அந்த ஒற்றைச் சந்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதை வைத்தே பல ரவுண்டுகள் முடிவாகின்றன. சிடி ஆட்கள் முதல் சில விநாடியிலேயே நெருப்பு போட்டு வழியை அடைப்பார்கள். எண்ட்ரி செய்ய வேண்டியது நெருப்புக்குள் பாய்வது அல்ல. பின்னால் இருப்பவர் ஸ்மோக்கால் நெருப்பை அணைக்கும்வரை, அல்லது ஏழு விநாடி தீரும்வரை, லாக்ஸ் பக்கம் காத்திருந்து, அது அணைந்த கணத்தில் ஃப்ளாஷோடு கார் வரைக்கும் முன்னேறுவது. அங்கே நிறுத்திக்கொள்ளலாம். சந்து கிடைத்தது, எதிரியின் வெடிகுண்டுகள் இரண்டு மூன்று தீர்ந்தன, எத்தனை பேர் பி பக்கம் இருக்கிறார்கள் என்று காதால் தெரிந்தது. இதுவே பெரிய லாபம்.

பிறகு சைட்டுக்குள் போகும்போது சிடிக்கும் காஃபினுக்கும் ஸ்மோக், நியூ பாக்ஸிலும் டார்க்கிலும் மாலி. பனானாவின் வாய் குறுகலாக இருப்பதால் இங்கே இரண்டாவது ஆளின் தூரம் மிராஜைவிடக் கறாராக இருக்க வேண்டும்.

சிடி தரப்பில் எண்ட்ரிக்கு என்ன வேலை?

ரீடேக், அதாவது பாம் வைக்கப்பட்ட சைட்டைத் திரும்பப் பிடிப்பது. பாம் வைத்தபின் அது வெடிக்க நாற்பது விநாடி. கிட் (பாமைச் செயலிழக்க வைக்கும் கருவி) இருந்தால் செயலிழக்க வைக்க ஐந்து, இல்லாவிட்டால் பத்து. ஆட்கள் ஒன்றுசேரப் பத்து விநாடி போய்விடும். முதலில் உள்ளே போகிற வேலை எண்ட்ரியுடையது, விதிகள் மேலே சொன்னவைதான். கிட் வைத்திருப்பவர் கடைசியாக வர வேண்டும்.

பேச வேண்டியது என்ன, பேசக் கூடாதது என்ன?

போகும் முன்: "ராம்ப்ல ஏறப்போறேன், ஃப்ளாஷ் ரெடியா வச்சுக்க மச்சி."

போகும்போது: பார்த்து முடித்த இடத்தின் பெயர் மட்டும். "டெட்ரிஸ் இல்ல."

செத்ததும், ஒரே மூச்சில்: எங்கே, எத்தனை பேர், எவ்வளவு அடித்தது. "டிரிபிள்ல ஒருத்தன், 60 அடிச்சிருக்கேன்." பிறகு மைக்கை மூட வேண்டும். "எப்படிடா அது படல, தலையிலதான் வச்சேன்" என்று புலம்பும் இரண்டு விநாடியில்தான் டிரேட் எடுக்கப்போகிறவருக்கு எதிரியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டியிருக்கும்.

இடத்தின் பெயர் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். "அங்க, அந்தப் பெட்டி பின்னாடி" என்பது தகவல் அல்ல.

எப்போது போகக் கூடாது?

இரண்டாவது ஆள் பக்கத்தில் இல்லாதபோது. இது ஒன்றே பாதிப் பதில். ஃப்ளாஷ் தன் ஆட்கள்மேலேயே வெடித்துவிட்டது, ஸ்மோக் தவறிவிட்டது என்றால் "நிறுத்து" என்று சொல்லும் உரிமை எண்ட்ரிக்கு இருக்க வேண்டும். கடிகாரத்தில் 0:30க்கு மேல் இருந்தால் மறுசைட்டுக்குத் திரும்பலாம். 0:20இல் என்றால் திரும்ப முடியாது, போய்த்தான் ஆக வேண்டும்.

ஐந்துக்கு நாலு என்று ஆள் கூடுதலாக இருக்கும்போதும் வேகம் குறைய வேண்டும். மிட்டில் ஒரு கில் கிடைத்த உற்சாகத்தில் அதே எண்ட்ரி அடுத்த மூலைக்கும் தனியாக ஓடி நாலுக்கு நாலு ஆக்கிவிடுவது இந்த வேலைக்கே உரிய வியாதி.

என் கே/டி (கொன்றதற்கும் செத்ததற்கும் உள்ள விகிதம்) எப்போதும் ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. நான் மோசமான எண்ட்ரியா?

அந்த எண் மட்டும் எதையும் சொல்லாது. நான்கைப் பாருங்கள். முதல் மோதல்களில் எத்தனை வென்றீர்கள். நீங்கள் இறந்தவற்றில் எத்தனை டிரேட் ஆயின. நீங்கள் முதலில் இறந்த ரவுண்டுகளில் அணி எத்தனை வென்றது. எங்கே இறந்தீர்கள், வாசலிலா உள்ளேயா. கேஏஎஸ்டி (KAST) என்ற கணக்கில் டிரேட் ஆன மரணமும் நல்லதாகவே சேரும் என்பதால் அது கே/டியைவிட நேர்மையானது.

டிரேட் ஆகாத மரணங்கள் அதிகம் என்றால் பிரச்சினை இருவரில் ஒருவரிடம்: நீங்கள் சொல்லாமல் போகிறீர்கள், அல்லது அவர் வரவில்லை. வாசலிலேயே மரணம் என்றால் ஃப்ளாஷ். உள்ளே போய், சுட்டுக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து மரணம் என்றால் மூலைப் பங்கீடு. நேருக்கு நேர் மோதலிலேயே தோற்கிறீர்கள் என்றால்தான் எய்ம்.

எப்படிப் பயிற்சி எடுப்பது?

எய்முக்கு டெத்மேட்ச் பதினைந்து இருபது நிமிடம், ஒரு தோட்டா இரண்டு தோட்டா என்று மட்டும் சுட்டு. வொர்க்‌ஷாப்பில் கிடைக்கும் ப்ரீஃபயர் (எதிரி நிற்கக்கூடிய மூலைகளை முன்கூட்டியே சுட்டுப் பழகும்) வரைபடங்களில் நீங்கள் அணிக்காகப் போகும் இரண்டே வழிகளை மட்டும் திரும்பத் திரும்ப ஓடுங்கள். எல்லா வரைபடங்களையும் மேய்ந்தால் எதுவும் கைக்கு வராது.

ஆனால் இருவர் சேர்ந்து எடுக்கும் பயிற்சியே முக்கியம். காலியான தனிச் சேவையகத்தில் இரண்டாவது ஆளோடு நுழையுங்கள். அவர் ஃப்ளாஷ் போடட்டும், நீங்கள் ஓடுங்கள், அவர் பின்தொடரட்டும். கண் கூசினால் யார் பிசகினார் என்று அங்கேயே பேசிச் சரிசெய்யுங்கள். மூன்றாவதாக ஒரு நண்பர் கிடைத்தால் அவரை ஏதாவது ஒரு மூலையில் ஒளிந்திருக்கச் சொல்லுங்கள். எண்ட்ரியைக் கொன்றதும் அவர் தப்பிக்க முயல வேண்டும். அவர் தப்பிவிட்டால் இரண்டாவது ஆள் தூரத்தில் இருந்தார் என்று அர்த்தம். இதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை.

முன்பின் தெரியாதவர்களோடு தனியாக வரிசையில் சேர்ந்து ஆடுகிறேன். யாரும் பின்னால் வருவதில்லை.

அப்படியானால் முதலாவதாகப் போகாமல் இரண்டாவதாகப் போங்கள். எந்த அணியிலும் தானாக ஓடும் ஒருவர் இருப்பார். அவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு டிரேட் எடுத்தால் அவர் எண்ட்ரி ஆகிவிடுவார், அவருக்கே தெரியாமல். யாருமே ஓடவில்லை என்றால், மைக்கில் ஒருவரை மட்டும் பெயர் சொல்லி அழையுங்கள். "எல்லாரும் வாங்க" என்றால் ஒருவரும் வர மாட்டார்கள்.

வேலரன்டில் டூயலிஸ்ட்தான் (முன்னால் போய் மோதும் பாத்திரம்) எண்ட்ரியா?

பெரும்பாலும், ஆனால் எல்லா டூயலிஸ்டும் அல்ல. ஜெட்டின் டேஷ் (பாய்ச்சல்), ரேஸின் சாட்செல் (ஆளைத் தூக்கி எறியும் வெடி), நியானின் ஓட்டம் மூன்றும் வாசலைக் கடந்து உள்ளே இறங்கப் பயன்படுகின்றன. ரேனாவுக்கு முதல் கில் கிடைத்த பிறகுதான் குணமாகவோ தப்பிக்கவோ முடியும். அதனால் அவர் இரண்டாவது ஆளாக வரும்போது இன்னும் நன்றாக ஆடுவார். அங்கே பெரிய பிழை, ஜெட் தப்பிப்பதற்காகவே டேஷை வைத்துக்கொண்டு வாசலில் எட்டிப் பார்ப்பது. முன்னால் பாய டேஷ், பின்தொடர நால்வர் என்று பழகுங்கள். ஜெட் புகைக்குள் டேஷ் அடித்து இறங்கும்போது மற்றவர்கள் மெயினிலேயே நின்றால் அவர் இறந்ததற்கு அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஸ்பைக் (அங்குள்ள பாம்) வைக்க நான்கு விநாடி ஆகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும், கவுண்டர்-ஸ்டிரைக்கைவிட அது நீளம்.

பிஜிஎம்ஐயில் இது செல்லுமா?

ஒரு கட்டடத்துக்குள் நால்வராகப் புகும்போது செல்லும். வித்தியாசம், அங்கே முதலில் விழுபவர் உடனே சாவதில்லை, நாக் ஆகிறார், அதாவது கீழே விழுந்து கிடப்பார், கூட்டாளி தூக்கிவிடலாம். அவரைத் தூக்க ஒருவர் குனிந்தால் அணி இரண்டு பேரை இழந்த நிலை. அதனால் முதலில் டிரேட், எதிரி முழுவதும் அழிந்த பிறகு தூக்குவது. சத்தம் கேட்டுப் பக்கத்து அணி வரும் என்பதால் நுழைவு முழுவதையும் அரை நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். முடியாது என்று தோன்றினால் புகையைப் போட்டுவிட்டு வெளியேறிவிடலாம், அங்கே அடுத்த ரவுண்டு கிடையாது.